ஏறும் கூலி

நீடாமங்கலம் ரயில்வே கேட் அடைத்துக் கிடக்கும்போது பாருங்கள். அரிவாளைச் சாக்கில் சுற்றி, தளைக்கயிற்றை வண்டி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு ஒரு தென்னை மரமேறி நின்றிருப்பார். சரக்கு ரயில் போகும்வரை அவருக்குக் காசில்லை. "அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறோம் (நானும்தான்). பெட்ரோல், அரிவாளுக்குச் சாணை, உரசி உரசிக் காய்த்துப்போன நெஞ்சு, மரம் வழுக்கும் ஐப்பசி கார்த்திகையில் சும்மா கிடக்கும் நாட்கள் எல்லாம் அந்த அஞ்சு நிமிஷத்துக்குள்தான் அடக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் மன்னார்குடிப் பக்கம் சாய்த்த மரங்களோடு வாடிக்கையும் சாய்ந்தது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரக்‌ஷா’ என்னும் மரமேறிகளுக்கான விபத்துக் காப்பீட்டில் சந்தாவின் பெரும்பகுதியை வாரியமே கட்டிவிடுகிறது. மிச்சத்தைத் தோப்புக்காரர் கட்டினால்தான் என்ன? கூலியோடு இரண்டு இளநீரைக் கொடுத்துவிட்டுப் பெரிய தாராளம் என்று நினைத்துக்கொள்கிறோம்.