சத்திரத்தில் நாற்பது ஆண்டுகள்

2025-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனு விசாரணைக்கு வந்தபோது, உலகெங்குமுள்ள அகதிகளை ஏற்க இந்தியா தர்ம சத்திரமன்று என்னும் கருத்து வாய்மொழியாக வெளிப்பட்டது. அம்மனுதாரர் குற்ற வழக்கொன்றில் தண்டனை பெற்றவர். அவர் வழக்கு வேறு. ஆயினும் அச்சொல் வழக்கோடு நின்றுவிடவில்லை. தேநீர்க் கடைகளிலும், ஏன், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்று உரையாடும் நம்மவர் நாவிலும் அது எதிரொலித்தது. "இவர்களை இன்னும் எத்தனை காலம் வைத்துச் சோறு போடுவது?" என்று கேட்கிறார்கள்.

கேள்வியே பிழையானது என்பது என் துணிபு. முகாம் மக்கள் நம்மிடம் சத்திரம் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக அவர்கள் சத்திரத்தில்தான் இருக்கிறார்கள். அதிலிருந்து வெளியேறக் கதவைத் திறந்துவிடுங்கள் என்பதே அவர்களது வேண்டுகோள்.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோருக்கு இது தொலைவான செய்தியன்று. பரமத்தி, எம். மேட்டுப்பட்டி, பவளத்தானூர், நாகியம்பட்டி என நம் ஊர்ப்பெயர்களோடு ஒட்டியே முகாம்களும் அறியப்படுகின்றன. 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின், 1990-களிலும் 2006-க்குப் பிறகும் அலை அலையாகப் படகேறி வந்தவர்கள் இவர்கள். தமிழகம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் உள்ளனர். முகாமுக்கு வெளியே பல்லாயிரவர் வாழ்கின்றனர். நாம் கட்டும் வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவர்களும், சித்தாள் வேலைக்கு வருகிறவர்களும் இவர்களிடையே உண்டு. இவர்களுடைய பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் பயின்றவர்கள். ஆயினும் தேர்தல் நாளில் இவர்களுக்கு வாக்கில்லை. இந்தியக் கடவுச்சீட்டு இல்லை. அரசுப் பணித் தேர்வு எழுத வழியில்லை. இம்மண்ணில் பிறந்து, இம்மண்ணில் மணந்து, பேரப்பிள்ளை கண்டவரும் ஏட்டில் வெளிநாட்டவரே!

தமிழக அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் நன்றி மறத்தலாகும். 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. சிதைந்திருந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முடிவாயிற்று. குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,500 ரூபாயாக உயர்ந்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என மாறிற்று. நல்லவையே. ஆனால் பெயர்ப் பலகை மாறியதால் உள்ளிருப்பவரின் நிலை மாறிற்றா? குடியுரிமை வழங்கும் அதிகாரம் நடுவண் அரசிடம் உள்ளது. அங்கேதான் கதவு அடைபட்டிருக்கிறது.

அது எவ்வாறு அடைபட்டது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி 1950 சனவரி 26 முதல் 1987 சூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பாலேயே இந்தியர். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராயிருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் மற்றொரு நிபந்தனையும் சேர்ந்தது: பெற்றோருள் ஒருவர் இந்தியராயிருந்தாலும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' எனக் கருதப்படுபவராயின் பிள்ளை பிறப்பால் குடியுரிமை பெறாது. கடவுச்சீட்டின்றி வந்தவருக்கு அச்சட்டம் இட்ட பெயர் அதுவே. உயிருக்கு அஞ்சி நள்ளிரவில் படகேறியவர் எந்த அலுவலகத்தில் வரிசையில் நின்று கடவுச்சீட்டு வாங்கியிருப்பார்?

நீண்டகாலம் வசித்தவர் குடியுரிமை கோரவும் அதே சட்டத்தில் இடமுண்டு. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழியொன்றை அறிந்திருக்க வேண்டும் என்பது அதற்கான தகுதிகளுள் ஒன்று. தமிழ் அவ்வட்டவணையில் உள்ளது. பதினோராண்டுக்கு மேற்பட்ட வசிப்பு வேண்டும் என்பது மற்றொன்று. இவர்களோ அதைப்போல் மூன்று மடங்கு வசித்துவிட்டார்கள். இவ்வளவு இருந்தும், 'சட்டவிரோதக் குடியேறி' என்னும் ஒரு சொல் விண்ணப்பத்தை வாசலிலேயே தடுத்துவிடுகிறது.

2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த ஆறு சமயத்தவர்க்கு இத்தடையை நீக்கிற்று. அப்பட்டியலில் கிறிஸ்தவரும் உண்டு என்று நம்மவருள் சிலர் மகிழ்ந்தனர். மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கருக்கும், திருகோணமலையிலிருந்து வந்த இந்துவுக்கும் அதில் இடமில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தார்களா? அரசு சமயமுள்ள நாடுகளில் துன்புற்றோரைக் காப்பதே நோக்கம் என்றார்கள். இலங்கை அரசியலமைப்பின் ஒன்பதாம் பிரிவு பௌத்தத்திற்கு முதன்மை இடம் அளிப்பதை அவர்கள் அறியாதவர்களா?

இம்முகாம்களில் மலையகத் தமிழரும் கணிசமாக உள்ளனர். இவர்களின் முன்னோர் யார்? திருச்சி, சேலம், மதுரை மாவட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்கள். 1948-இல் இலங்கைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கிடப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் யாருமில்லை. பாட்டனை ஏற்றுமதி செய்த மண்ணிலேயே பேரன் அந்நியனாக நிற்பது என்ன நியாயம்?

'குடியுரிமை அளித்தால் ஈழத்தில் தமிழரின் உரிமைக் குரல் மெலியும்' என்போரும் உண்டு. ஓர் இலட்சியத்தின் எண்ணிக்கைக்காக உயிருள்ள மனிதரை முகாமில் அடுக்கி வைப்பது அறமாகாது. திரும்பிச் செல்ல விரும்புவோர் தாராளமாகச் செல்லட்டும். செல்வதும் தங்குவதும் அவர்கள் தெரிவாக இருக்க வேண்டும். 'பாதுகாப்புக்கு ஆபத்து' என்பது மற்றொரு வாதம். நாற்பது ஆண்டுகளாகக் கணக்கெடுக்கப்பட்டு, காவல்துறையால் கண்காணிக்கப்பட்டு வந்த இம்மக்களைப்போல் அரசு அறிந்து வைத்திருக்கும் மக்கள் வேறு யார் உளர்?

2025 செப்டம்பரில் நடப்புக்கு வந்த புதிய குடிவரவுச் சட்டத்தின்கீழ், 2015 சனவரி 9 வரை இங்குத் தஞ்சமடைந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டு, விசா விதிகளிலிருந்து விலக்களிக்கப்பட்டது. வரவேற்போம். ஆனால் அது தண்டனையிலிருந்து விலக்கு, குடியுரிமையன்று. ஆவணமின்மையை மன்னித்த அரசு, அதே காரணத்தால் இட்ட பழைய பெயரையும் நீக்கி, இவர்களின் விண்ணப்பங்களை ஏற்க வேண்டும். நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கை இதுவே.

இனி நம்மைப் பற்றி. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முகாமில் அரிசியும் வேட்டி சேலையும் வழங்குகிறோம்; படம் எடுத்துக்கொள்கிறோம். பிறரன்பு நல்லது. ஆனால் நீதி செய்ய வேண்டிய இடத்தில் பிச்சையிடுவது நீதியை ஒத்திப்போடும் தந்திரமாகிவிடும். எருசலேமில் சாட்டையடிக்கு இழுத்துச் செல்லப்பட்ட தூய பவுல் இரக்கத்தை இரந்து நிற்கவில்லை. தாம் பிறப்பால் உரோமைக் குடிமகன் என்று அறிவித்தார். படைத்தலைவரோ பெரும்பணம் கொடுத்து அவ்வுரிமையை வாங்கியவர். அவரே அஞ்சிப் பின்வாங்கினார். குடியுரிமை என்பது வெறும் தாளன்று. எளியவன் முதுகில் விழ இருக்கும் சாட்டையைத் தடுக்கும் கை அது.

அத்தகைய கையாக நாமும் இருக்கலாம். 1987 சூன் 30-க்கு முன் இங்குப் பிறந்தவர் குடியுரிமை கேட்டுப் பெற வேண்டியதில்லை; பிறப்பை மெய்ப்பித்தால் போதும். 1986-இல் மண்டபத்தில் பிறந்த பெண்ணொருவர்க்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். பிறப்பைப் பதியாது விட்டவர்க்குக் காலங்கடந்தும் பதிய 1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு வழி தருகிறது. அந்நாள்களில் இங்குத் திருமுழுக்குப் பெற்ற அகதிக் குழந்தைகளின் பிறந்த நாள் நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகளில் எழுதப்பட்டிருக்கும். அது மட்டுமே முழுச் சான்றாகாது. ஆயினும் வலிய துணைச் சான்றாகும். பங்குதோறும் அவ்வேடுகளைப் புரட்டிப் பார்ப்போம்.

நீண்டகால வசிப்பைக் காட்டிக் குடியுரிமை கோருவோரின் நன்னடத்தைக்கு இந்தியக் குடிமக்கள் இருவர் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும் என்பது விதி. கதவு திறக்கும் நாளில், பரமத்தியிலும் பவளத்தானூரிலும் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் கையொப்பமிட இருவர் வேண்டும். இவர்கள் நம் அயலார், நல்லவர், நம்மவர் என்று எழுதித்தர நம்முள் எத்தனை பேர் முன்வருவோம்? ஒரு மூட்டை அரிசியைவிட அந்த ஒரு கையொப்பம் கனமானது.