பஸ்ஸுக்கு ஒரு நூதனசாலை தேவையா?

நூதனசாலை என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது உடைந்த மண்பாண்டமும், துருப்பிடித்த வாளும், மன்னர் காலத்து நாணயமும்தான். நேற்றுவரை நாம் ஏறி இறங்கிய பஸ்ஸுக்கும், சட்டைப்பையில் கசங்கிக் கிடந்த பயணச்சீட்டுக்கும் அங்கே இடமுண்டு என்று சொன்னால் சிரிப்பவர்களே அதிகம். ஆயினும் உலகின் பெருநகரங்கள் சில, தமது போக்குவரத்து வரலாற்றுக்கென்றே தனி நூதனசாலைகளை நடத்தி வருகின்றன. புகையிரதம் ஒருநாளும் எட்டிப்பார்க்காத கல்முனைக்குடியில் இருந்துகொண்டு அவற்றைப் பற்றி நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன், அந்த நூதனசாலைகள் செய்வது என்னவென்று பார்த்துவிடுவோம்.

நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் கோர்ட் ஸ்ட்ரீட் என்றொரு சுரங்க நிலையம் 1936இல் திறக்கப்பட்டது. போதிய பயணிகள் வராமையால் பத்தே ஆண்டுகளில், 1946இல், அதனை மூடிவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் பூட்டிக் கிடந்த அந்த நிலையத்தில், அமெரிக்க சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டை ஒட்டி 1976 ஜூலை 4இல் பழைய ரயில் பெட்டிகளின் கண்காட்சி ஒன்று தொடங்கப்பட்டது. தற்காலிகக் கண்காட்சிதான். மக்கள் திரண்டு வந்தார்கள், கண்காட்சி நிலைத்துவிட்டது. இன்றைய நியூயோர்க் போக்குவரத்து நூதனசாலை அப்படிப் பிறந்ததே. இன்றும் பார்வையாளர் வீதியோரப் படிக்கட்டில் இறங்கி, பயணிகளைப் போலவே உள்ளே நுழைகிறார்கள்.

என்னைக் கவர்ந்தது அங்குள்ள பெட்டிகளைவிட, அவற்றை வைத்து நடத்தப்படும் பொது நிகழ்ச்சிகளே. ஆண்டிறுதியில் 1930களின் பெட்டிகளை உண்மையான தண்டவாளத்தில் ஓடவிட்டு, சாதாரணப் பயணிகளையும் ஏற்றிச் செல்கிறார்கள். பழைய பஸ்களை வீதியில் நிறுத்திப் பஸ் விழா எடுக்கிறார்கள். ஒட்டிசம் எனும் நிலையுடைய சிறுவர் பலருக்கு ரயில்களில் பேரார்வம் இருப்பதை அறிந்து, பள்ளி நேரத்துக்குப் பின் அவர்கள் ஒன்றுகூடிப் பழகுவதற்கென ஒரு வகுப்பையும் நடத்துகிறார்கள். தனியே அமர்ந்து நிலையங்களின் பெயர்களை ஒப்புவித்துக்கொண்டிருந்த பிள்ளை, தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையோடு பேசுவதற்கு ஒரு ரயில் பெட்டி காரணமாகிறது. இரும்பை இதைவிட நல்ல காரியத்துக்குப் பயன்படுத்த முடியுமா?

அந்நூதனசாலை 2015இல் நடத்திய ஒரு கண்காட்சியும் நமக்குப் பொருத்தமானது. இரட்டைக் கோபுரத் தாக்குதல், மின்தடை, சாண்டி புயல் ஆகிய நெருக்கடிகளின்போது போக்குவரத்து ஊழியர்கள் நகரை எவ்வாறு மீண்டும் ஓடவைத்தார்கள் என்பதே அதன் பொருள். கடல் வந்து போன ஊரில் வாழும் நமக்கு அதன் அருமை தெரியாமற் போகாது.

லண்டன் மாநகரின் போக்குவரத்து நூதனசாலை 1980இல் கொவன்ட் கார்டனின் பழைய பூச்சந்தைக் கட்டிடத்தில் திறக்கப்பட்டது. கைவிடப்பட்ட சுரங்க நிலையங்களுக்குள் மக்களை வழிகாட்டி அழைத்துச் செல்வது அதன் புகழ்பெற்ற நிகழ்ச்சி. அதனிலும் முக்கியமானதாக நான் கருதுவது வேறொன்று. 1956 தொடக்கம் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் பார்படோஸ் தீவில் நேரடியாக ஆட்சேர்ப்பு நடத்தியது. அப்படிக் கரீபியன் தீவுகளிலிருந்து வந்து நடத்துநர்களாகவும் நிலைய ஊழியர்களாகவும் உழைத்தோரின் கதையை, அவர்களதும் அவர்தம் பிள்ளைகளதும் வாய்மொழியாகவே பெற்று 2022இல் ஒரு கண்காட்சியாக்கினார்கள். அவர்கள் பட்ட நிறவெறி அவமதிப்புகளும் அதில் மறைக்கப்படவில்லை. பஸ்ஸின் வரலாறு பஸ்ஸில் உழைத்தவரின் வரலாறாக மாறுவது இத்தகைய நிகழ்ச்சிகளால்தான்.

லண்டனுக்கும் நமக்கும் இதில் நேரடித் தொடர்பும் உண்டு. லண்டன் வீதிகளில் ஓடி ஓய்ந்த ஆர்.டி. வகை இரட்டைத்தட்டு பஸ்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை இலங்கைப் போக்குவரத்துச் சபை வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது. அதே வகை பஸ்ஸை லண்டனில் துடைத்து மினுக்கி வைத்து, அதன்முன் சிறுவர்களுக்குக் கதை சொல்கிறார்கள். இங்கே அது பழைய இரும்பு விலைக்குப் போயிற்று.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை முதற் புகையிரதம் ஓடியது 1864 டிசம்பர் 27இல். அதன் நூற்றைம்பதாவது நிறைவு நாளில், 2014இல், கடுகண்ணாவையில் தேசிய புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் புகையிரதத்துக்குக் கிடைத்த அந்த மரியாதை பஸ்ஸுக்குக் கிடைக்கவில்லை. கொழும்பில் 1899இலிருந்து 1960 வரை ஓடிய டிராம் வண்டியை இன்று நினைத்துப் பார்ப்பவரே அரிது.

கிழக்குக் கரையின் நிலைமை இன்னும் வேறானது. 1920களின் பிற்பகுதியில் மட்டக்களப்பை அடைந்த தண்டவாளம் அங்கேயே நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே கல்லாறு, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் எனக் கடலுக்கும் வாவிக்கும் இடையில் நீண்டு கிடக்கும் ஊர்களுக்கு மாட்டுவண்டியும் தோணியும் பஸ்ஸுமே கதி. 1958 ஜனவரி 1இல் தனியார் கம்பனிகளின் பஸ்களை அரசு பொறுப்பேற்றுப் போக்குவரத்துச் சபையை அமைத்தது. இலாபம் வராத வழிகளிலும் பஸ் ஓடத் தொடங்கியது அதன் பிறகே. இரவு கடைசிப் பயணம் முடிந்ததும் சாரதியும் நடத்துநரும் ஏதோவொரு சிற்றூரில் பஸ்ஸோடு தங்கி, சுபஹு பாங்கோடு எழுந்து முதற் பயணத்தைத் தொடங்குவார்கள். அந்தக் கடைசி பஸ்ஸின் வெளிச்சத்தைப் பார்த்து உலை வைத்த வீடுகள் இருந்தன. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை மாவட்டம் உருவானபின், கச்சேரி வேலைக்குக் கரையோரத்தார் உள்நாட்டு அம்பாறை நகருக்குப் போக வேண்டியதாயிற்று. காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் சுமந்து அந்த வழியில் போன பயணங்களை எழுதினாலே ஒரு நிர்வாக வரலாறு கிடைக்கும்.

என் தொழிலும் பஸ்ஸை நம்பியே நடந்தது. தொலைநகல் வருவதற்கு முந்திய காலத்தில், பிராந்தியச் செய்தியாளன் எழுதிய செய்தி நீள உறைக்குள் இட்டுக் கொழும்பு பஸ்ஸின் நடத்துநரிடம் கொடுக்கப்படும். கூலி கேட்காமல் வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டவர்கள் அவர்கள். மறுநாள் பத்திரிகைக் கட்டு வந்து இறங்குவதும் பஸ்ஸில்தான். எங்கள் எழுத்தைச் சுமந்த அந்த மனிதர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை.

மருதமுனையின் கைத்தறிச் சாரன் பொதியும், சந்தைக்குப் போகும் வெற்றிலைக் கட்டும், கருவாட்டுச் சாக்கும் ஒரே கூரையில் ஏற்றப்பட்டன. கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலுள்ள சுமார் 40 கிலோமீற்றரில் ஒரு முஸ்லிம் ஊர், அடுத்து ஒரு தமிழ் ஊர் என்று மாறிமாறி வரும். ஒரே இருக்கையில் காக்காவும் அண்ணாச்சியும் அமர்ந்து, ஒருவர் மடியிலிருந்த பிள்ளையை மற்றவர் வாங்கி வைத்துக்கொண்டு போன வழி அது. நம் இரு சமூகங்களும் ஒன்றையொன்று அறிந்துகொண்டதில் மேடைப் பேச்சுகளைவிட அந்த பஸ்களுக்குப் பங்கு அதிகம் என்பேன்.

அந்த வழிதான் பின்னர் அச்சத்தின் வழியாகவும் மாறியது. 1990 ஜூலையில், ஹஜ் கடமை முடித்துத் திரும்பியோர் உட்பட முஸ்லிம் பயணிகள் பலர் குருக்கள்மடத்தில் புலிகளால் மறித்துக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். வடக்கே, 1984 டிசம்பர் 4இல் மன்னார் வீதியில் இராணுவத்தினர் நடத்திய கொலைகளில் பஸ்ஸில் வந்த தமிழ்ப் பயணிகளும் பலியாயினர். பயணம் செய்வதே உயிரோடு விளையாடுவதாகிப் போனமையால் கிழக்குப் பல்கலைக்கழகப் படிப்பைத் தொடர முடியாமற் போன முஸ்லிம் மாணவரின் நிலையும், 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியதற்குக் காரணங்களுள் ஒன்று.

நம் மாவட்டத்தில் ஒரு பஸ் ஏற்கெனவே நூதனசாலையாக நிற்கிறது. 1987 ஜூன் 2இல் அரந்தலாவையில் புலிகளால் முப்பத்துமூன்று பிக்குமார் கொல்லப்பட்ட பஸ் அது. கொல்லப்பட்டோரிற் பெரும்பாலோர் இளம் துறவிகள். அந்த பஸ்ஸுக்குள் அக்கோரக் காட்சியைச் சிலைகளாக வடித்து வைத்திருக்கிறார்கள். தெற்கே பெரேலியவில் 2004 டிசம்பர் 26இல் கடலலை விழுங்கிய புகையிரதத்தின் இயந்திரமும் திருத்தப்பட்டு, நினைவு நாளில் அவ்விடத்துக்குக் கொண்டுவரப்படுவதுண்டு. இறந்தோரை நினைப்பது உயிரோடிருப்போரின் கடன். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒரு பஸ் நூதனசாலைக்குள் போவதற்கு அதற்குள் மனிதர் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்ற நிலை நமக்கு வேண்டாம். ஒரு சமூகத்தின் மரணத்துக்குச் சிலையும், மற்றைய சமூகங்களின் மரணத்துக்கு மௌனமும் என்ற நிலையும் வேண்டாம். அரந்தலாவையைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளை குருக்கள்மடத்தின் பெயரையும் மன்னார் வீதியின் பெயரையும் அறியாமல் வீடு திரும்புகிறது. பிள்ளைகளை ஒரே இருக்கையில் மடிமாற்றி வைத்துக்கொண்ட காலத்தையும் அது அறிவதில்லை. இவை அனைத்தையும் ஒரே கூரையின்கீழ், ஒரே பயணத்தின் கதையாகச் சொல்ல ஓரிடம் வேண்டும். அதற்காகவே பஸ் நூதனசாலை கேட்கிறேன்.

"ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை, இவருக்கு நூதனசாலை கேட்கிறதாம்" என்று சிலர் சொல்லக்கூடும். நியாயமான பேச்சுத்தான். ஆனால் நான் மாளிகை கேட்கவில்லை. நியூயோர்க்கில் அது ஒரு பூட்டிய நிலையத்தில் தற்காலிகக் கண்காட்சியாகவே தொடங்கிற்று; கல்கத்தாவில் 1938இல் கட்டப்பட்ட ஒரு டிராம் வண்டிக்குள்ளேயே 2014இல் சிறு நூதனசாலை ஒன்றை அமைத்தார்கள். பக்கத்துக் காத்தான்குடியிலும் 2015இல் பூர்வீக நூதனசாலை திறக்கப்பட்டது. நமக்கு வேண்டியது சேவையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பஸ், அதை நிறுத்த ஒரு நிழல், மாதத்தில் ஒரு சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமையில் என்ன செய்யலாம்? ஓய்வுபெற்ற சாரதி ஒருவரையும் நடத்துநர் ஒருவரையும் அழைத்துப் பேசவிடலாம். ஒரு மாதம் மருதமுனையிலிருந்து, அடுத்த மாதம் களுவாஞ்சிகுடியிலிருந்து, அதற்கடுத்து அம்பாறையிலிருந்து. சிங்களத்தில் பேசுவோருக்குத் தமிழிலும், தமிழில் பேசுவோருக்குச் சிங்களத்திலும் மொழிபெயர்ப்பு இருக்கட்டும். பருவகாலச் சீட்டோடு பஸ்ஸேறிப் படிக்கப்போன முதல் தலைமுறைப் பெண்களை அழைக்க வேண்டும். வீட்டார் என்ன சொன்னார்கள், ஊரார் என்ன சொன்னார்கள், நடத்துநர் எந்த இருக்கையை ஒழித்துக் கொடுத்தார் என்பதை அவர்களே சொல்லவேண்டும். ஆண்டுக்கொரு முறை பஸ்ஸில் ஏறிக் கல்முனையிலிருந்து மட்டக்களப்புவரை, ஒவ்வோர் ஊரிலும் இறங்கி அந்த ஊராரின் வாயால் அந்த ஊர்க் கதையைக் கேட்டுப் போகலாம். குருக்கள்மடத்தில் நிற்கும்போது பேச்சை நிறுத்திச் சற்று நேரம் அமைதியாக நிற்கலாம். குருமண்வெளித் துறையில் பாதையேறி மண்டூருக்கும் போய்வரலாம். படுவான்கரைப் பிள்ளைகளுக்கு அந்தப் பாதையும் பஸ்தான்.

இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. பிறப்புச் சாட்சிப் பத்திரம் தொலைந்தால் பிரதி எடுக்கலாம். கல்முனைக்குடியின் கரையோர வீடுகளில் இருந்த புகைப்படங்களையும், அடையாள அட்டைகளையும், ஓய்வூதியக் கோப்புகளையும் 2004இல் கடல் கொண்டுபோய்விட்டது. அவற்றுக்குப் பிரதி கிடையாது. எஞ்சியிருப்பது மனிதரின் ஞாபகம் மட்டுமே. 1958இல் இருபது வயதில் சபையில் சேர்ந்த ஒருவர் இன்று உயிரோடிருந்தால் எண்பத்தைந்தைக் கடந்திருப்பார். கட்டிடத்துக்கு ஒதுக்கீடு வரும்வரை அவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

ஆகவே நிகழ்ச்சிகள் முதலில் நடக்கட்டும். கட்டிடம் பிறகு வரட்டும். தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் நால்வரும், கல்முனை டிப்போவில் ஒரு மூலையும், மாநகர சபையின் அனுமதியும் இருந்தால் அடுத்த மாதமே முதற் சனிக்கிழமையை நடத்திவிடலாம். தோஹாவிலும் டொரொண்டோவிலும் லண்டனிலும் இருந்து இதைப் படிக்கும் நம்மவருக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் உங்கள் வாப்பாவோ அப்பாவோ, மாமாவோ மச்சானோ டிப்போவில் வேலை செய்தவராக இருந்தால், இந்த வாரம் தொலைபேசியில் பேசும்போது உடம்பு சுகமா என்று கேட்டபின், முதன்முதல் எந்த வழியில் பஸ் ஓட்டினீர்கள் என்றும் கேளுங்கள். அவர் சொல்வதைப் பதிவு செய்து வையுங்கள்.