வாசகன் கேட்கும் கணக்கு

1954இல் 'பொன்னியின் செல்வன்' நிறைவெய்தியபோது, முடிவு மனநிறைவளிக்கவில்லையென வாசகர் பலர் முறையிட்டனர். கல்கி அவர்களைக் கடிந்தாரல்லர்; முடிவுரை எழுதிக் கதைமாந்தரின் பிற்கால வாழ்வை விளக்கினார்.

1996இல் அமெரிக்காவின் மார்வல், டி.சி. பதிப்பகங்கள் தத்தம் வீரர்களை ஒரே சித்திரக்கதையில் மோதவிட்டன. 11 போர்களுள் 5 போர்களின் முடிவை வாசகர் வாக்கே தீர்மானித்தது. அவற்றுள் ஒன்றில் வுல்வரின் லோபோவை வென்றான். எங்ஙனம் வென்றான் என்பதோ மதுக்கடை மேசையின் மறைவிலேயே நிகழ்ந்து முடிந்தது. வாசகர் சினந்ததில் வியப்பென்ன? வெற்றியை வாக்கு வழங்கலாம். அதற்குரிய காரணத்தை வழங்குதல் கதாசிரியன் கடன்.

ஆதலின், அக்குறணை ஆசிரியப் பெருமக்களே! "முடிவு பிடிக்கவில்லை" என்னும் மாணவனை வாயடக்காதீர், "ஏன்?" என்று வினவுங்கள். திறனாய்வு பிறக்குமிடம் அதுவே.