கட்சிக் கிளை யாருடைய காசில் நடக்கிறது?

வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கும்போதும் சரி, காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சரி, அரசியல் பேச்சு வந்தால் ஒரே பதில்தான் காதில் விழுகிறது. "கொழும்பில கிளையாவது ஒன்றாவது! எலெக்‌ஷன் வந்தாத் திறப்பாங்கள், முடிஞ்சாப் பூட்டுவாங்கள். காசு நாலு முதலாளிமாற்ற காசு. கேக்கிறதுக்குச் சட்டமும் இல்லை. உது எங்களுக்குத் தேவையில்லாத வேலை, தம்பி." கொட்டாஞ்சேனையில் பேச்சுவழக்கு கொஞ்சம் மாறும், கருத்து மாறாது. படித்தவர்கள் இதையே கொஞ்சம் நாகரிகமாகப் பத்திரிகையில் எழுதுகிறார்கள்.

இதில் நான்கு கூற்றுகள் இருக்கின்றன. நான்கும் பிழை என்று நினைக்கிறேன். இருபது வருடமாக இரண்டு வட்டாரங்களில் கிளை வேலை செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நான்காவது கூற்றுக்கு மட்டும் பதில் சொல்லத் தொடங்கும்போது எனக்கும் தொண்டை அடைக்கும்.

முதலாவது, தேர்தலுக்கு வெளியே கிளை இல்லை என்பது. எங்கள் ஊரின் பழைய கதையைப் பார்ப்போம். 1933இல் வெள்ளவத்தை நெசவாலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளருக்குப் பக்கத்தில் நின்றது தென்கொழும்பு இளைஞர் கழகம். கொல்வின் ஆர். டி சில்வா அங்கேதான் தொழிற்சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். அதே கழகத்து இளைஞர்கள் நவம்பர் 11ஆம் தேதி பிரித்தானியர் விற்ற பொப்பிப் பூவுக்கு எதிராகப் பூவரசம்பூவைத் தெருவில் விற்றார்கள். அதுதான் சூரியமல் இயக்கம். அடுத்த ஆண்டு மலேரியா நாட்டை வாட்டியபோது நிவாரணத்துக்குப் போனவர்களும் அவர்களே. 1935 டிசம்பர் 18இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தபோது அதற்குள் வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். கட்சி என்ற பெயர் வருமுன்பே கிளை இருந்திருக்கிறது, அந்தக் கிளைக்கு ஒரு உண்டியலும் இருந்திருக்கிறது.

பதினான்கு வருடம் கழித்து அதே டிசம்பர் 18இல், இலங்கைத் தமிழரசுக் கட்சி மருதானையில், அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் மண்டபத்தில் தொடங்கப்பட்டது. வடக்கு கிழக்கின் கட்சி என்று நாம் சொல்லும் கட்சிக்குத் தொட்டில் கட்டியது கொழும்பில் ஒரு தொழிற்சங்கக் கட்டடம். கிளார்க்மாருக்குச் சந்தாவும் கூட்டக் குறிப்பும் கைவந்த கலை.

பிறகு ஏன் கிளைகள் தூங்கின? இதற்கான காரணம் ஆட்களின் சோம்பல் இல்லை, தேர்தல் முறை. 1978 அரசியலமைப்பு தொகுதியை எடுத்துவிட்டு மாவட்டத்தை வைத்தது. 1989 பொதுத் தேர்தலில் விருப்பு வாக்கு வந்தது. அன்றிலிருந்து ஒரு வேட்பாளருக்கு முதல் எதிரி தன் கட்சிப் பட்டியலில் பக்கத்து இலக்கத்தில் இருப்பவர். கிளைத் தலைவர் யாருக்கு வேலை செய்வார்? ஒருவருக்குச் செய்தால் மற்றவருக்குக் கோபம். ஆகவே ஒவ்வொரு வேட்பாளரும் தனக்கென்று ஒரு காரியாலயம், தனக்கென்று ஆட்கள், தனக்கென்று ஒரு பணப்பை என்று பிரிந்து போனார். மாநகர சபைக்கும் இதே கதைதான். 2011 வரை ஒரு வேட்பாளர் மட்டக்குளியிலிருந்து வெள்ளவத்தை வரை முழு நகரத்திலும் தன் இலக்கத்தை ஒட்ட வேண்டியிருந்தது. கிளை செத்த கதை இதுதான். மக்கள் கண்ணால் கண்ட பூட்டிய கதவுகள் உண்மையானவை. அந்தக் கதவுகள் வேட்பாளரின் காரியாலயக் கதவுகள். கிளை அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது.

2018 பெப்ரவரி 10இல் வட்டாரம் திரும்பி வந்தது. சபையில் 60 சதவீதம் வட்டார உறுப்பினர்கள், 40 சதவீதம் விகிதாசாரப் பட்டியல். விருப்பு வாக்கு போயிற்று. இப்போது நடப்பதை அருகில் வந்து பார்த்தால் தெரியும். எங்கள் கிளைக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே ஓர் அறை. பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு பழைய மேசை, மேசையில் வட்டாரத்துத் தேருநர் இடாப்பு. ஒவ்வொரு வீட்டு இலக்கத்துக்கும் பக்கத்தில் பென்சில் குறி. "கனடா போய்விட்டார்", "கலியாணம் கட்டி வத்தளை", "இறந்துவிட்டார்", "மகனுக்குப் பதினெட்டு, பெயர் இல்லை." தேர்தல் இல்லாத வருடங்களில்தான் இந்த வேலை கூடுதலாக நடக்கும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாடகைக்கு இருப்பவர்களின் பெயரைப் பதிய வீட்டுக்காரர் தயங்குவார், இருப்பவரோ ஊரில்தான் பதிவு இருக்கட்டும் என்பார். கிராம உத்தியோகத்தரிடம் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஓர் ஆள் வேண்டும். கிளைச் செயலாளர் என்பவர் பெரும்பாலும் அந்த ஆள்தான்.

இரண்டாவது, காசு முழுவதும் முதலாளிமாருடையது என்பது. மாவட்டம் முழுக்க விருப்பு வாக்குக் கேட்கும் பாராளுமன்ற வேட்பாளருக்குப் பெரிய காசு வேண்டும், அது பெரிய இடத்திலிருந்துதான் வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வட்டாரத்துக்கு என்ன செலவு என்று எண்ணிப் பாருங்கள். உள்ளூராட்சித் தேர்தலில் கட்டுப்பணம் கட்சி வேட்பாளருக்கு 1,500 ரூபாய், சுயேச்சைக்கு 5,000. அதற்கு மேல் துண்டுப்பிரசுரம், ஒலிபெருக்கி வாடகை, முச்சக்கர வண்டிக்குப் பெற்றோல், வாக்களிப்பு நிலைய முகவர்களுக்குச் சோற்றுப் பார்சல். நடந்தே முடிக்கக்கூடிய ஒழுங்கைகளில் நடப்பதற்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை.

கட்சிகள் காசு சேர்க்கும் வழியும் ஒன்றே ஒன்று கிடையாது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸைப் பாருங்கள். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸாகத் தொடங்கியது, கொழும்பில் சௌமிய பவனில் இருந்து நடப்பது. அதன் முதுகெலும்பு தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தில் மாதாமாதம் பிடிபடும் சங்கச் சந்தா. கொழுந்து பறிக்கும் பெண்ணின் சில்லறையில் ஒரு கட்சி எண்பது வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறது. அந்தச் சந்தாவுக்கு ஏற்ற கணக்கு அவளுக்குச் சொல்லப்பட்டதா என்பது வேறு கேள்வி, நியாயமான கேள்வி. மக்கள் விடுதலை முன்னணியில் பாராளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தைக் கட்சி நிதியில் சேர்ப்பது பழைய வழக்கம். அவர்களுடைய மற்றக் கொள்கைகள் பற்றி எனக்கு நிறைய மாறுபாடு உண்டு. இந்த ஒன்றில் அவர்களிடம் நாம் படிக்க வேண்டும்.

முதலாளி காசு ஒரு கிளைக்குள் எப்படி நுழைகிறது என்று நான் நேரில் கண்டிருக்கிறேன். ஒரு தேர்தலில் நாங்கள் வட்டாரத்தில் வீடு வீடாகச் சேர்த்த காசு பாதிச் செலவுக்குத்தான் போதுமாக இருந்தது. மீதியை ஒரு வர்த்தகர் கொடுத்தார். பற்றுச்சீட்டு வேண்டாம் என்றார். அடுத்த வருடம் அவருடைய கட்டட வேலை ஒன்று தொடர்பாக எங்கள் உறுப்பினரிடம் வந்து நின்றார். அன்றைக்கு நானும் பக்கத்தில் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது என் பிழை. மற்றப் பாதியை நூறு வீடுகள் தந்திருந்தால் அவர் வர இடமே இருந்திருக்காது. கிளைக்குக் காசு கொடுக்காமல் ஒதுங்குகிறவர் அந்த இடத்தை அவருக்குத்தான் விட்டுக்கொடுக்கிறார்.

மூன்றாவது, சட்டம் இல்லை என்பது. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 2023இன் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தல் சட்டம் இருக்கிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்று அதன்படிதான் வரம்பு வைத்தார்கள். வெளிநாட்டு அரசாங்கம், வெளிநாட்டுக் கம்பனி, பெயர் சொல்லாத ஆள் ஆகியோரிடம் நன்கொடை வாங்கக் கூடாது. முடிவு வெளிவந்து 21 நாட்களுக்குள் வரவையும் செலவையும் காட்ட வேண்டும். அந்தக் கணக்கைச் சாதாரண வாக்காளர் போய்ப் பார்வையிடலாம். அதற்கு முன்பே, 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் கணக்காய்வு செய்த வருடாந்தக் கணக்கையும் பெண் ஒருவரேனும் இருக்கும் நிருவாகிகள் பட்டியலையும் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும்.

ஓட்டை இருக்கிறது. 2023 சட்டம் பிரசார காலத்துக்குத்தான் கை நீட்டுகிறது. வேட்புமனுவுக்கு முந்திய மூன்று வருடத்தில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பது அதன் கண்ணுக்கு வெளியே. அந்த வர்த்தகர் மாதிரியானவர்கள் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் வட்டாரத்து வேட்பாளர்களின் கணக்கைப் பார்க்க நான் போனபோது, வட்டாரத்தில் வேறு யாராவது போனார்களா என்று பலரிடம் விசாரித்தேன். ஒருவரும் போயிருக்கவில்லை. சட்டம் இல்லை என்று எனக்குச் சொன்னவர்களும் போயிருக்கவில்லை.

நான்காவது கூற்று, இது எங்களுக்குத் தேவையில்லாத வேலை என்பது. இதைச் சொல்லும் எல்லோரும் அலட்சியத்தால் சொல்லவில்லை. 2000 ஜனவரி 5இல் தமிழ் அரசியல்வாதி குமார் பொன்னம்பலத்தை வெள்ளவத்தையில் சுட்டார்கள். 2006 நவம்பர் 10இல் பாராளுமன்ற உறுப்பினர் ரவிராஜை நாரஹேன்பிட்டியில் காலை நேரத்தில் சுட்டார்கள். 2008 புத்தாண்டு நாளன்று இன்னொரு பாராளுமன்ற உறுப்பினர் மகேஸ்வரனைக் கொட்டாஞ்சேனைச் சிவன் கோயிலுக்குள் சுட்டார்கள். அந்தக் கோயிலுக்கு இன்றும் போகிறோம். 2007 ஜூன் 7 காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் இருந்த தமிழரைப் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். 376 பேர். அந்தக் காலத்தில் மகனை அரசியலுக்கு அனுப்பாதே என்று சொன்ன தாயிடம் நான் என்ன வாதம் செய்ய முடியும்? செய்யவும் மாட்டேன்.

ஆனால் அந்த நாட்களிலேயே இன்னொன்றும் நடந்தது. காணாமல் போனவர்களின் பெயர்களை எழுதி வைக்க மக்கள் கண்காணிப்புக் குழு ஒன்று உருவானது. அதில் மனோ கணேசன் இருந்தார், சிறிதுங்க ஜயசூரிய இருந்தார், கொல்லப்படுமுன் ரவிராஜும் இருந்தார். மூவரும் மூன்று கட்சிக்காரர்கள், ஒருவர் சிங்கள இடதுசாரி. லொட்ஜ் விவகாரத்தில் அடுத்த நாளே உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம். கதவைத் தட்டப் போவதற்கு ஒரு காரியாலயமும் பெயரை எழுத ஒரு ஆளும் இருந்ததால்தான் பல குடும்பங்களின் முறைப்பாடு எங்காவது பதிவாயிற்று. பயந்த காலத்தில் அமைப்பு தேவைப்பட்டது. பயம் குறைந்த காலத்தில் அது தேவையில்லை என்று எப்படிச் சொல்வது?

தமிழ் வாக்குக்கு இந்த நகரத்தில் கனமில்லை என்ற சலிப்பும் இந்தக் கூற்றுக்குள் இருக்கிறது. ஆனால் 2011இல் மனோ கணேசனின் ஜனநாயக மக்கள் முன்னணி தனித்துக் கேட்டு மாநகர சபையில் 6 ஆசனம் எடுத்தது. 2025 மே 6 தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 117இல் 48தான் கிடைத்தது. ஜூன் 16இல் இரகசிய வாக்கெடுப்பில் அந்தக் கட்சியின் விராய் கெலி பல்தசார் 61க்கு 54 என்று மாநகர முதல்வரானார். ஏழு வாக்கு வித்தியாசம். நாலு பேர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிருந்தால் தலைநகரத்துக்கு வேறு முதல்வர். இரண்டு மூன்று ஆசனம் எடுக்கும் சிறிய குழுவுக்கு இருக்கும் பேரம் அவ்வளவு. அந்த இரண்டு மூன்று பேரும் யாருக்குக் கடமைப்பட்டவர்களாக உள்ளே போகிறார்கள் என்பதை, பிரசாரத்துக்குக் காசு கொடுத்தவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

கடைசித் தேர்தலுக்கு ஜெம்பட்டா வீதிப் பக்கம் காசு சேர்க்கப் போனோம். ஒரு தோட்டத்து வீட்டில், அப்பம் சுட்டு விற்கும் ஆச்சி ஒருவர், சேலைத் தலைப்பில் முடிந்திருந்த இருநூறு ரூபாயை அவிழ்த்துத் தந்தார். தம்பிமார் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்கள். "நில்லுங்க தம்பி, துண்டு தாங்க" என்றார். எழுதிக் கொடுத்தோம். அவர் அதை முருகன் படத்தின் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்தார். தேர்தல் முடிந்து இரண்டாம் மாதம், மழை பெய்து தோட்டத்துக் கான் நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வந்த மறுநாள், கடைக்கு மேலே இருந்த எங்கள் அறைக்குப் படியேறி வந்தார். மேசை மேல் அந்தத் துண்டை விரித்து வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.