குழந்தைகளுக்கு லீவா, பெரியவர்களுக்கு லீவா?

கிறிஸ்துமஸ் லீவு குழந்தைகளுக்கு விட்ட லீவு. முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீசில் உட்கார்ந்து மற்றவர்களின் லீவு விண்ணப்பங்களுக்குக் குறிப்பு எழுதியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: யாருக்கு லீவு சாங்ஷன் ஆனதோ அவர்தான் அதை அனுபவிக்க வேண்டும். நம் புதுச்சேரியில் நடப்பது வேறு. லீவு பிள்ளைகளின் பேரில், கொண்டாட்டம் பெரியவர்களுக்கு. டிசம்பர் 24 தொடங்கி ஜனவரி 1 வரை இந்த ஊர் யாருக்காக அலங்காரம் செய்துகொள்கிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஓட்டல்களின் விளம்பரத் தட்டியில் டி.ஜே., நடனம், நள்ளிரவு விருந்து. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது? காது வலியும் கெட்ட தூக்கமும்தான்.

வீட்டுக்குள் போடும் திட்டமும் இதற்குச் சளைத்ததல்ல. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ மகன் வருவான். கையில் செல்போன், அதில் ஒரு லிஸ்ட். காலையில் சுண்ணாம்பாறு படகுத்துறை, மதியம் ஆரோவில், சாயங்காலம் மூன்று கோயில்களில் குடில், ராத்திரி பீச், பிறகு ஏதோ ஒரு கூரை மேல் சாப்பாடு. எல்லாம் ஒரே நாளில்! ஆடிட் பார்ட்டி கூட ஒரு நாளைக்கு இத்தனை ஆபீஸ் பார்க்காது. ஏழு மணிக்குக் குழந்தை அழ ஆரம்பித்தால், "இதுக்குத்தான் இவ்வளவு செலவு பண்ணி கூட்டிட்டு வந்தோமா?" என்று அதன் மேலேயே கோபம். அது அடம் பிடிக்கவில்லை ஐயா, அதற்குக் கால் வலிக்கிறது. பசிக்கிறது. ஒன்றுக்கு வருகிறது. சொல்லத் தெரியாமல் அழுகிறது.

என் கட்சி இதுதான்: ஒரு நாளைக்கு ஓர் இடம், இருட்டுவதற்குள் வீடு, முடிந்தவரை நடந்தே போவது. இந்த மூன்றுக்குள் அடங்காத திட்டம் எதுவும் குழந்தைகளுக்கான திட்டம் ஆகாது.

"நீ கிறிஸ்தவனா? உனக்கு என்ன இந்த அக்கறை?" என்று ஒரு நண்பர் கேட்டார். நான் மாரியம்மன் கோயில் தெருக்காரன். ஆனால் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். எங்கள் வகுப்பில் எல்லாச் சாதி, எல்லா மதப் பிள்ளைகளும் சேர்ந்துதான் களிமண்ணில் ஆடும் மாடும் செய்து குடில் வைப்போம். புதுச்சேரியில் நொயேல் என்பது அந்தக் காலத்திலிருந்தே ஊர்ப் பண்டிகை. நோம்புக் கஞ்சி எப்படி எல்லார் வீட்டுக்கும் வருமோ, அதுபோல ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறிய பழமும் போட்ட விவிக்காம் கேக்கும் வரும். அதனால் எனக்கும் பேச உரிமை உண்டு.

முதலில் தேதி விஷயம். எல்லாரும் 24 ராத்திரியும் 25 சாயங்காலமும்தான் குடில் பார்க்க வேண்டும் என்று முட்டி மோதுகிறார்கள். குடில் எங்கே ஓடிப்போகிறது? மூன்று இராசாக்கள் திருநாள் ஜனவரி 6. அதுவரைக்கும் கோயில்களில் குடிலைப் பிரிக்கிற வழக்கமில்லை. சில இடங்களில் அந்த மூன்று ராசாக்களின் பொம்மைகளைக் கடைசியில்தான் கொண்டுவந்து வைப்பார்கள். சில பிரெஞ்சு வீடுகளில் தினம் ஓர் அடி நகர்த்தி நகர்த்தி, ஜனவரி 6 அன்று குழந்தை ஏசுவிடம் கொண்டு சேர்ப்பார்கள். ஒரு பிள்ளையை 27 ஆம் தேதி ஒரு தடவையும் ஜனவரியில் ஒரு தடவையும் அதே குடிலுக்குக் கூட்டிப் போய், "அப்போ இல்லாதது இப்போ என்ன இருக்கு, கண்டுபிடி" என்று சொல்லிப் பாருங்கள். எந்த ஓட்டலும் தர முடியாத சந்தோஷம் அது. செலவு பூஜ்யம்.

எனவே 24, 25, 31 மூன்று நாளையும் அடித்துவிடுங்கள். அவை வீட்டில் இருக்க வேண்டிய நாட்கள். 27, 28, 29, 30 நான்கும் நம்முடையவை. இவற்றில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதையும் தள்ளிவிடுங்கள். காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூட்டத்தில் தோள் மேல் பிள்ளையோடு நடப்பது தண்டனை.

கோயில்களை ஒரே சாயங்காலத்தில் மூன்றும் பார்க்காதீர்கள். ஒரு நாள் துய்மா வீதியில் இருக்கிற கப்ஸ் கோயில். 1855இல் கட்டி முடித்தது. எதிரே தோட்டத்தில் ழான் தார்க் சிலை, அதற்கப்பால் கடல். கையில் கொடியோடு நிற்கிற அந்தப் பெண் யார் என்று குழந்தை கேட்கும். ஆடு மேய்த்த ஊர்ப் பெண் படைக்குத் தலைமை தாங்கிய கதையைச் சொல்லுங்கள். வீடு வரும் வரைக்கும் போதும். இன்னொரு நாள் மிஷன் வீதியின் சம்பா கோயில். சேன் போல் என்ற பெயர் நம் நாக்கில் சம்பா ஆனது என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். மூன்றாவது நாள் இருதய ஆண்டவர் கோயில். 1907இல் திறந்தது, 2011இல் பசிலிக்கா ஆனது. அங்கே போகிறபோது வெயில் இருக்க வேண்டும். வண்ணக் கண்ணாடியில் வெளிச்சம் விழுந்தால்தான் அழகு. எதிரிலேயே ரயிலடி. குடிலைப் பார்த்த பிள்ளைக்கு ஒரு ரயிலையும் காட்டிவிட்டால் அன்றைய கணக்கு நேர்.

காலைப் பொழுதை எல்லாரும் தூங்கியே கழிக்கிறார்கள். டிசம்பரில் நம் ஊருக்கு மேற்கே பத்து, பன்னிரண்டு கிலோமீட்டரில் ஊசுட்டேரி தண்ணீரோடு இருக்கும். 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி. வடக்கேயிருந்து வலசை வரும் வாத்துகளும் கரிய உடம்பில் வெள்ளை நெற்றியோடு நாமக்கோழிகளும் கூட்டம் கூட்டமாக மிதக்கும். ஆறரைக்குச் சூரியன் உதிக்கிறது. ஒரு டிபன் கேரியரில் இட்லி, மிளகாய்ப்பொடி, ஒரு பாட்டில் தண்ணீர். எட்டரைக்குள் வீடு திரும்பிவிடலாம். நகரத்துக்குள்ளேயே வேண்டுமென்றால் 1826இல் அமைத்த தாவரவியல் பூங்கா இருக்கிறது. பொம்மை ரயில் ஓடினால் நம் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் மரங்கள் எங்கும் போகவில்லை.

இதையெல்லாம் சொன்னால் எனக்கு வருகிற பதில்கள் மூன்று.

முதலாவது: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குடிலும் வாத்தும் எங்கே பிடிக்கப் போகிறது? செல்போன் இல்லாமல் முடியுமா?" பிடிக்காதது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு அல்ல, அவர்களை அழைத்துப் போகிற நமக்கு. குடில் முன்னால் நிற்கிறோம். இரண்டு போட்டோ எடுக்கிறோம். "வா வா, நேரமாச்சு" என்கிறோம். வைக்கோலில் மறைந்திருக்கும் கோழிக்குஞ்சைக் குழந்தை கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தை நாம் கொடுப்பதில்லை.

இரண்டாவது: "31 ராத்திரி பீச்சைப் பார்க்காவிட்டால் பாண்டிச்சேரிக்கு வந்து என்ன பயன்?" எங்கள் தெருவில் ஒரு குடும்பம் அப்படித்தான் போனது. நெரிசலில் தகப்பன் கையிலிருந்த ஐந்து வயதுப் பெண்ணின் விரல் நழுவியது. இருபது நிமிஷம். சத்தத்தில் கூப்பிட்டது கேட்கவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. பலூன் விற்கிற ஓர் அம்மாள் பிள்ளையைத் தன் பக்கத்திலேயே உட்கார்த்தி வைத்திருந்ததால் கிடைத்தாள். அந்த அம்மாளுக்குப் பதிலாகக் குடித்துவிட்டு ஆடுகிற நாலு பேர் கண்ணில் அவள் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அந்தக் குழந்தை இப்போதும் வாணவேடிக்கைச் சத்தம் கேட்டால் உள்ளே ஓடுகிறது. வெளியே போகும்போது பிள்ளையின் கையில் பேனாவால் போன் நம்பரை எழுதுங்கள் என்று நான் சொன்னால் மருமகள்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எழுதுங்கள்.

மூன்றாவது பதில் கொஞ்சம் கனமானது. "வெளியூர்க்காரன் வந்து செலவு செய்தால்தானே ஊர் பிழைக்கும்? ஆட்டோக்காரனும் ஓட்டல் பையனும் சாப்பிட வேண்டாமா?" வேண்டும். அவர்கள் வரட்டும், தங்கட்டும், செலவு செய்யட்டும். நான் கேட்பது ஊரை மூடச் சொல்லி அல்ல. ஒரு நாளில் இரண்டு மணி நேரம். அதைக் கணக்கோடு சொல்கிறேன்.

கடற்கரைச் சாலையில் சாயங்காலம் 6 மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்துகிறார்கள். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் டிசம்பர் கடைசியில் நம் ஊரில் சூரியன் மறைவது ஏறக்குறைய 5.45க்கு. அதாவது வண்டி நிற்கும்போது வெளிச்சம் போய்விடுகிறது. குழந்தை ஓடி விளையாடக்கூடிய நேரத்தில் சாலை வண்டிகளுக்கு. அது தூங்கப் போகிற நேரத்தில் சாலை பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு என்று ஒரு மணி நேரம் கூட இல்லை! கிறிஸ்துமஸ் லீவு நாட்களில் மட்டும் 6 மணியை 4 மணி ஆக்கினால் என்ன குடி முழுகிவிடும்? 4 முதல் 6 வரை காந்தி சிலையைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடட்டும். பலூன்காரருக்கும் சுண்டல்காரருக்கும் பஞ்சு மிட்டாய்க்காரருக்கும் அப்போது ஒரு வியாபாரம், ராத்திரி ஒரு வியாபாரம். யாருக்கும் நஷ்டமில்லை. இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், டெண்டர் வேண்டாம். ஒரு பக்க உத்தரவு, நாலு தடுப்புக்கட்டை. எழுதுகிற குமாஸ்தாவுக்குக் கால் மணி நேர வேலை, எனக்குத் தெரியும்.

கூடவே சுத்தமான கழிப்பறை. மேடைக்கும் சீரியல் விளக்குக்கும் இருக்கிற பணத்தில் ஒரு பங்கு இதற்கு வேண்டும். பெண் குழந்தையோடு வருகிற தாய் சாயங்காலம் முழுவதும் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கப் பயப்படுகிறாள். இதைவிட வெட்கக்கேடு ஒரு சுற்றுலா ஊருக்கு உண்டா?

26 ஆம் தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004இல் அன்று காலைதான் சுனாமி வந்தது. நம் மீனவக் கிராமங்களில் ஒவ்வொரு வருஷமும் அன்று கடலில் பாலும் பூவும் விட்டு அழுகிறார்கள். அவர்கள் அழுகிற கரையின் பக்கத்திலேயே காலையில் ஸ்பீக்கர் வைத்து ஆடுவது பண்டிகை ஆகாது. அன்றைக்குப் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப் போவதானால் கையில் ஒரு பிடி பூவோடு போங்கள். மழைக்காலம் முடியாத கடல் அது. காலை நனைக்கக்கூட இறக்காதீர்கள். ஏன் பூப் போடுகிறோம் என்று கேட்டால் சொல்லுங்கள். குழந்தைகளுக்குப் புரியும்.

கடைசியாக என் வயதுக்காரர்களுக்கு. லிஸ்ட் போடுகிற வேலையை மகனிடமும் மருமகளிடமும் விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து முணுமுணுக்காதீர்கள். இந்த ஊரில் எந்தத் தெருவில் நிழல் இருக்கும், எந்தக் கோயில் வாசலில் உட்காரத் திண்ணை இருக்கும், எந்தக் கடையில் கேட்டால் கழிப்பறைச் சாவி கொடுப்பார்கள் என்பது நமக்குத்தான் தெரியும், செல்போனுக்குத் தெரியாது. அதோடு, நாமும் வேகமாக நடக்க முடியாதவர்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நமக்கும் முழங்கால் வலிக்கிறது; எட்டு மணிக்கு நமக்கும் தூக்கம் வருகிறது. பேரப்பிள்ளையின் கால் அளவும் நம் கால் அளவும் ஒன்றாக இருக்கிற வயது இது. அதனால் இந்த டிசம்பரில் திட்டத்தை நாமே எழுதுவோம்: நாலு நாள், நாலு இடம், நாலு மணிக்குப் புறப்பாடு. 4 மணி உத்தரவு கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு மனுவும் எழுதுவோம். மனு நான் எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சாயங்காலம் பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்துக்குப் பக்கத்து பெஞ்சுக்கு வரலாம். பேரப்பிள்ளைகளோடு வந்தால் இன்னும் நல்லது.