புது கிடாருக்குப் புது பிக்கப் - தேவையா?

எலெக்ட்ரிக் கிடார் வாங்கி பத்து நாள்கூட ஆகியிருக்காது. அதுக்குள்ள "பிக்கப்பை மாத்திடு மச்சி, கம்பெனி பிக்கப் எல்லாம் வேஸ்ட்"னு நாலு பேர் சொல்லிடுவாங்க. எனக்கும் சொன்னாங்க. என் கட்சி இதுதான்: மாத்தாதீங்க. குறைஞ்சது ஆறு மாசத்துக்கு.

பிக்கப்னா என்னன்னு தெரியாத பி.காம் மக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரு காந்தம், அதைச் சுத்தி முடி மாதிரி மெல்லிசான செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுத்து. அவ்வளவுதான். மேலே ஸ்டீல் கம்பி அதிர்ந்தா காந்தப்புலம் மாறும், சுருள்ல மின்சாரம் பிறக்கும். 1831ல ஃபாரடே கண்டுபிடிச்ச சமாச்சாரம். ஒத்தைச் சுருள்னா சிங்கிள் காயில். அது நம்ம வீட்டு 50 ஹெர்ட்ஸ் கரண்டோட 'உம்ம்ம்' சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கும். ரெண்டு சுருளை எதிரெதிரா வெச்சு அந்த இரைச்சலைக் கழிச்சுட்டா ஹம்பக்கர். கிப்சன் கம்பெனியில சேத் லவர் 1955ல இதுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சார்.

இப்ப நம்ம பாடத்துக்கு வருவோம். பிக்கப் மாத்துறது மூலதனச் செலவா, வருவாய்ச் செலவா? பொருளோட திறனைக் கூட்டினா மூலதனச் செலவுன்னு புத்தகத்துல இருக்கு. ஆனா கிடாரை விக்கப் போனா, பிக்கப்புக்குப் போட்ட காசை வாங்குறவர் தரவே மாட்டார். பல கிடார்ல திறந்து சால்டரிங் வெச்சாலே வாரண்டியும் போயிடும். நம்ம பட்ஜெட் கிடார்களுக்கு, பேர் போன வெளிநாட்டு பிக்கப் ஒரு ஜோடி வாங்கினா கிட்டத்தட்ட கிடார் விலையே வந்துடும். என்கிட்ட இருக்குறது டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. அதே காசுல அடையாறுல பல மாசத்துக்கு கிளாஸ் போகலாம். வாய்ப்புச் செலவுன்னு பரீட்சைக்கு எழுதுறோமே, அது இதுதான்!

"காசை விடு, சத்தம் நல்லா இல்லையே"ன்னு கேட்டா, முதல்ல இதெல்லாம் பண்ணிப் பாருங்க:

1. கம்பி மாத்துங்க. கடையில மாசக்கணக்கா தொங்கின கிடாரோட கம்பி மங்கித்தான் கேட்கும். சென்னை உப்புக் காத்துல சீக்கிரமே துரு வேற பிடிக்கும். இது சில நூறு ரூபாய் செலவு.

2. பிக்கப்போட உயரத்தைச் சரி பண்ணுங்க. ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடிச்சா, கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவுல 2-3 மி.மீ. இருக்கணும். ரொம்பப் பக்கத்துல இருந்தா காந்தமே கம்பியை இழுத்து சுருதியைக் கெடுக்கும். செலவு பூஜ்யம்.

3. இரைச்சல் வருதா? கம்பியைத் தொட்டதும் குறையுதான்னு பாருங்க. குறைஞ்சா, கிடாரோட உள்பக்கம் செம்பு டேப் ஒட்டினாலே பெருமளவு அடங்கும். ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடினா கிடைக்கும். அப்படியே ஆம்ப்ளிஃபயர் செருகின பிளக்ல எர்த் இருக்கான்னும் பாருங்க. மயிலாப்பூர் பழைய வீடுகள்ல இது முக்கியம்.

4. ஆம்ப்ளிஃபயர் எதுன்னு யோசிங்க. சின்ன ஸ்பீக்கர் வெச்ச பத்து வாட் டப்பாவுல, பக்கத்து வீட்டு மாமிக்குப் பயந்து வால்யூமை ரெண்டுல வெச்சு வாசிச்சா, எந்த பிக்கப்போட அருமையும் தெரியாது :-)

இத்தனைக்கும் நான் மாத்துறதுக்கே எதிரி இல்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸையே எடுத்துக்கோங்க. 1981 டிசம்பர் சீசன்ல சென்னைக்கு வந்து வாசிச்சப்ப அவருக்கு வயசு பன்னிரண்டு. மாண்டலின்ல வழக்கமா நாலு ஜோடியா எட்டுக் கம்பி. மீட்டின நாதம் சட்டுன்னு அடங்கிடும். கமகத்துக்கு நாதம் நின்னு பேசணும். அதுக்காகத்தான் எலெக்ட்ரிக் மாண்டலின், அதுலயும் ஒத்தை ஒத்தையா அஞ்சு கம்பி. கருவியில எது தடுக்குதுன்னு வாசிச்சு வாசிச்சுக் கண்டுபிடிச்சு மாத்தின மாற்றம் அது. பாட்டு கேட்டுச்சு, கருவி மாறுச்சு. நம்மள்ல பல பேருக்கு பார் கார்டே ஒழுங்கா விழலை. அதுக்குள்ள பிக்கப் மேல பழி போடுறோம்.

ஒரு டெஸ்ட் வெச்சுக்கலாம். 'சத்தம் சரியில்லை'ங்கறது புகார் இல்லை, புலம்பல். 'டிஸ்டார்ஷன் போட்டு வால்யூம் ஏத்தினா கீச்சுனு கத்துது', 'நெக் பிக்கப்ல தடிச்ச கம்பிகள் கொழகொழன்னு கேட்குது, உயரம் இறக்கியும் சரியாகலை' - இதெல்லாம் புகார். அதுவும் நண்பனோட ஆம்ப்ளிஃபயர்லயும் அப்படியே கேட்கணும். உங்க புகாரை ஒரு வரியில எழுத முடியலைன்னா, எந்த பிக்கப் வாங்கணும்னு கடைக்காரர்கிட்ட எப்படிச் சொல்லுவீங்க? அவர் கையில எது இருக்கோ அதைத்தான் எடுத்துத் தருவார்.

ஆறு மாசம் வாசிச்ச பிறகும் அதே புகார் அதே வரியில நின்னா, தாராளமா மாத்துங்க. பழசைத் தூக்கிப் போடாம டப்பாவுல பத்திரமா வையுங்க. விக்கும்போது திரும்ப மாட்டி, புதுசைத் தனியா வித்துக்கலாம். நான் இப்போதைக்கு கம்பி மட்டும் மாத்தியிருக்கேன். மிச்சக் காசு கிளாஸ் ஃபீஸுக்கு.