கப்பலில் தொழவைப்பவர்

அமெரிக்கத் தரைப்படையில் முதல் முஸ்லிம் சமய அதிகாரியாக அப்துர் ரஷீத் முஹம்மது பொறுப்பேற்றது 1993இல்தான். கடற்படைக்கு அத்தகைய ஒருவர் 1996இல் கிடைத்தார். நீர்மூழ்கிகளிலும் சிறு கப்பல்களிலும் வழக்கமாக எச்சமயத்து அதிகாரியும் உடன் செல்வதில்லை. எனவே, வீரர்களுள் ஒருவர் தம் அன்றாடப் பணிக்கு மேலாக, ஊதியமின்றித் தம் சமயத்தவரின் வழிபாட்டை முன்னின்று நடத்துகிறார். கப்பலின் தலைவர் அவரை எழுத்து மூலம் நியமிக்கிறார்.

பிறர் இதனைப் பற்றாக்குறைக்கான மாற்று ஏற்பாடாகக் கருதலாம். நமக்கு அவ்வாறன்று. இமாமத்துக்குப் பட்டமோ குருத்துவமோ நம் மார்க்கத்தில் நிபந்தனையில்லை; குர்ஆனை அதிகம் அறிந்தவர் தொழவைக்க வேண்டும் என்பதே நபி (ஸல்) அவர்களின் கட்டளை. அதன்படி, ஆறேழு வயதுச் சிறுவரான அம்ர் இப்னு ஸலிமா (ரலி) தம் கூட்டத்தாருக்குத் தொழவைத்த செய்தி புகாரியில் உள்ளது. ஸஜ்தாவில் மேலேறிவிடும் அளவுக்கு அவரது ஆடை குட்டையாக இருந்ததால், மக்கள் துணி வாங்கி அவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அச்சட்டையைப் போல் வேறெதுவும் தமக்கு மகிழ்வளித்ததில்லை என்கிறார் அவர்!

போர்க்களத்திலும் ஜமாஅத் கைவிடப்படவில்லை. ஒரு பிரிவினர் தொழ, மற்றொரு பிரிவினர் காவல் நிற்கும் முறையை அந்நிஸா அத்தியாயத்தின் 102ஆம் வசனம் கற்றுத்தருகிறது. இன்று கப்பலில் கடைநிலை மாலுமி ஒருவர் முன்னிற்க, அவருக்குக் கட்டளையிடும் அதிகாரி பின்னே ஸஃப்பில் நின்றாலும் அதில் விந்தையேதுமில்லை.

ஆயினும், முன்னிற்பவர் தம் எல்லையை அறிதல் வேண்டும். வெள்ளிக்கிழமை வந்தால் ஜும்ஆவா, லுஹரா என்ற கேள்வி எழும். ஷாஃபிஈ மத்ஹபில் ஊர்வாசிகள் நாற்பது பேர் வேண்டும். ஹனஃபியில் இமாமைத் தவிர மூவர் போதுமெனினும் ஊர் முதலிய வேறு நிபந்தனைகள் உண்டு. பயணிக்கோ ஜும்ஆ கடமையே இல்லை. இங்கே தாமாக ஃபத்வா வழங்காமல், புறப்படுமுன்பே ஆலிமிடம் கேட்டு வைத்துக்கொள்வதே முறை.

இதனினும் நுட்பமானது மற்றொன்று. சமய அதிகாரியிடம் வீரர் தனிமையில் மனம்விட்டுச் சொல்வதற்கு அந்நாட்டு இராணுவச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. தன்னார்வலரிடம் சொல்வதற்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. தொழுகை முடிந்ததும் அழுதுகொண்டே அருகில் அமரும் சகோதரருக்கு இது தெரிந்திருக்குமா? பேசத் தொடங்குமுன் இதனை அவருக்குச் சொல்லிவிடுவதும் அமானிதத்தைச் சேர்ந்ததே என்பது நம் கருத்து.

இதற்கெல்லாம் ஆள் எங்கிருந்து வருவார்? வீட்டிலிருந்தும் மக்தபிலிருந்தும்தான். நம் பிள்ளைகள் குர்ஆன் ஓதி முடிக்கிறார்கள். தொழவைப்பதோ ஹஸ்ரத்தின் வேலை என்றே வளர்கிறார்கள். ஓதி முடித்த பிள்ளை, தன்னினும் இளையோரை நிறுத்தி இரண்டு ரக்அத் தொழவைத்துக் காட்டிய பின்பே பெற்றோர் இனிப்பு வழங்கட்டும்.